கைப்பேசிக்குள் ஒரு சின்னத் தீவு

வேலூரில் இருந்து ஊசூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், ஜவ்வாது மலை மெல்ல மெல்லக் கிட்டே வருவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். மலை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது என்று தோன்றும்போது அணைக்கட்டு வந்துவிடும். தாலுகா தலைநகரம்தான். ஆனாலும் பெரிய ஊர் என்று சொல்ல முடியாது. பஸ் ஸ்டாண்ட், தாலுகா ஆபீஸ், அரசு ஆஸ்பத்திரி, டீக்கடைகள், செல்போன் ரீசார்ஜ் கடைகள், அதற்கப்பால் வயல். அதே பஸ்ஸில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஒடுகத்தூர். வெள்ளிக்கிழமையானால் அங்கே ஆட்டுச் சந்தை.

ஊர்ப் பெயரிலேயே ஓர் அணை இருக்கிறது. வெள்ளைக்காரப் பொறியாளர்கள் தமிழ்நாட்டு ஆறுகளில் வேலை பார்க்க வந்தபோது, 'அணைக்கட்டு' என்ற சொல்லை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு 'அனிகட்' ஆக்கிவிட்டார்கள். ஆங்கில அகராதிகளில் அது இன்றைக்கும் இருக்கிறது. ஒரு தமிழ்ச் சொல் கப்பலேறிப் போய் அங்கேயே தங்கிவிட்ட கதை அது. கப்பலேறிப் போய், கடல் தாண்டி வேறு வேஷம் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய தமிழும் ஒன்று உண்டு. அதை அணைக்கட்டு பஸ் ஸ்டாண்டில் தினமும் சாயங்காலம் பார்க்கலாம்.

ஷூ கம்பெனி பஸ்கள் திரும்பும் நேரம் அது. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்துக்குச் சுற்றுக் கிராமங்களில் இருந்துதான் ஆட்கள் போகிறார்கள். அதில் பெண்கள்தான் அதிகம். விடிவதற்குள் சோறு கட்டிக்கொண்டு ஏறுகிறவர்கள், விளக்கு வைக்கும் நேரத்துக்கு இறங்குகிறார்கள். ஐரோப்பாவில் யாரோ போடப்போகிற ஷூவுக்கு நாள் முழுக்க அப்பர் தைத்த விரல்கள், பஸ்ஸை விட்டு இறங்கியதும் போனைத் தேடுகின்றன. 'சாவி எங்க', 'மாவு அரைச்சாச்சா', 'பஸ் வந்துடுச்சு'. சின்னத் திரையில் தமிழ் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. பதிலும் தமிழிலேயே வருகிறது.

இந்த எழுத்துகள் எப்படி இந்தப் போனுக்குள் வந்தன என்று அங்கே யாரும் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டிய தேவையும் இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி, தொட்டால் தமிழ் வருகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் வந்த வழி சாதாரணமானதல்ல. அமெரிக்காவில் செய்த கம்ப்யூட்டருக்குள் தமிழ் நுழைந்த கதையில், பல திருப்பங்கள் சென்னையில் நடக்கவில்லை. வங்காள விரிகுடாவைத் தாண்டி ஒரு தீவில் நடந்தன.

சில்லறைக் காசில் தமிழ்

சென்னையில் இருந்து விமானத்தில் சுமார் நாலரை மணி நேரம். சிங்கப்பூரின் மொத்தப் பரப்பு 730 சதுர கிலோமீட்டருக்குப் பக்கம். மூன்றாகப் பிரித்த பிறகு மிஞ்சிய வேலூர் மாவட்டத்துக்குள்ளேயே அதைத் தூக்கி வைத்தால் சுற்றிலும் நிறைய இடம் மிச்சமிருக்கும். 1965-ல் தனி நாடானது. அங்கே முதல்முறை இறங்குகிற தமிழருக்கு விமான நிலையத்திலேயே ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கிறது. அறிவிப்புப் பலகையில் தமிழ்! ரயில் நிலையத்தில் தமிழ். சில்லறையாகக் கிடைக்கும் காசைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் 'சிங்கப்பூர்' என்று தமிழில் பொறித்திருக்கிறது.

ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என்று நான்கு ஆட்சி மொழிகள். தமிழர்கள் அங்கே சிறுபான்மையினர். மக்கள்தொகையில் இந்திய வம்சாவளியினர் எல்லோரையும் சேர்த்தாலே பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இருந்தும் சட்டத்தில் தமிழுக்கு மற்ற மூன்றுக்கும் சமமான நாற்காலி. அந்த நாற்காலியின் பலன், பல வருடங்கள் கழித்து யாரும் எதிர்பார்க்காத இடத்தில் தெரிந்தது.

1990-களின் தொடக்கம். இணையம் என்பது பல்கலைக்கழகங்களை விட்டு வெளியே வந்துகொண்டிருந்த நேரம். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தேசியக் கல்விக் கழகத்தில் நா. கோவிந்தசாமி என்ற தமிழ் விரிவுரையாளர் இருந்தார். 1946-ல் பிறந்தவர். சிங்கப்பூர் இலக்கிய வட்டத்தில் அவரைச் சிறுகதை எழுத்தாளராகத்தான் தெரியும். கம்ப்யூட்டர் படித்தவரல்ல. ஆனால் வகுப்பறைக்குள் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்பதும், வரும்போது ஆங்கிலமும் சீனமும் அதில் இருக்கும், தமிழ் இருக்காது என்பதும் அவருக்குப் புரிந்திருந்தது. அப்படி நடந்தால் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: தமிழ் பாட்டி பேசுகிற பாஷை, நாளைக்கு உதவாது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் புரிவது கொஞ்சம் சிரமம். சுவரெல்லாம் தமிழ், பஸ் போர்டெல்லாம் தமிழ், டீக்கடையில் தினசரிகள் தொங்கிய காலம். கம்ப்யூட்டரில் தமிழ் இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்குத்தான் நஷ்டம் என்று இருந்துவிட முடிந்தது. நாலு பேரில் ஒருவராக உட்கார்ந்திருக்கிற இடத்தில் அப்படி இருக்க முடியாது. மற்ற மூன்று பேர் எழுந்து அடுத்த அறைக்குப் போனால், நாலாவது ஆளும் அப்போதே எழுந்து போயாக வேண்டும்.

கோவிந்தசாமிக்குக் கிடைத்த கூட்டாளி ஒரு சீனர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர் டான் டின் வீ. அங்கே இணைய ஆய்வுப் பிரிவை நடத்திக்கொண்டிருந்தவர். சீன எழுத்தை இணையத்தில் ஏற்றப் போராடிக்கொண்டிருந்த குழுவுக்குத் தமிழின் கஷ்டம் விளக்காமலேயே புரிந்தது. லியோங் கோக் யோங் என்ற இன்னொரு நிபுணரும் சேர்ந்துகொண்டார். ஒரு கதாசிரியர், ஒரு உயிர்வேதியியலாளர், ஒரு கணினிக்காரர்.

1995 அக்டோபரில் சிங்கப்பூரின் அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் ஓர் இணையத்தளத்தைத் தொடங்கிவைத்தார். சிங்கப்பூர்க் கவிதைகளின் தொகுப்பு அது. நான்கு ஆட்சி மொழிகளிலும் கவிதைகள். அரசு விழாவில் நான்கு மொழி என்றால் நான்கும் இருந்தாக வேண்டுமே! அந்த முறையில் தமிழும் திரையேறியது. இணையத்தில் வந்த முதல் தமிழ்ப் பக்கங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் இருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஆளுக்கொரு சைஸ்

திரையில் ஏறியது சரி. பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டுமே! அதுதான் அடுத்த பெரிய தலைவலி. ஆம்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அதை விளக்குவது சுலபம்.

ஒரு ஷூ கம்பெனிக்கு வெளிநாட்டில் இருந்து ஆர்டர் வருகிறது, சைஸ் 40 என்று. ஐரோப்பியக் கணக்கில் 40 என்றால் இங்கிலாந்துக் கணக்கில் சுமார் ஆறரை. இந்த இரண்டு கணக்கும் எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் ஜெர்மனிக்காரர் கேட்ட ஷூவை ஆம்பூரில் தைக்க முடிகிறது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு நம்பர் போட்டால்? ஒருவருடைய 40 இன்னொருவருக்குக் குழந்தை செருப்பாகிவிடும்.

1990-களில் தமிழ் எழுத்துக்கு அதுதான் நடந்தது. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். அன்றைய எழுத்துருக்களில் மொத்தம் 256 கட்டங்கள். முதல் 128-ஐ ஆங்கிலமும் குறிகளும் பிடித்துக்கொண்டன. மீதி 128-க்குள் தமிழை நெருக்கி உட்கார வைக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் 'அ', எந்தக் கட்டத்தில் 'ழ' என்பதை எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தாமே முடிவுசெய்தார்கள். கொழும்பில் ஒரு கணக்கு, சென்னையில் பல கணக்கு, சிங்கப்பூரில் கோவிந்தசாமியின் 'கணியன்', மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்'. ஒரு எழுத்துருவில் அடித்த கடிதத்தை இன்னொரு எழுத்துரு வைத்திருப்பவர் திறந்தால் திரை முழுக்கப் பூச்சி பூச்சியாக ஏதோ ஓடும். பத்திரிகைத் தளங்கள் 'எங்கள் எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள்' என்று வாசலிலேயே எழுதிவைத்த காலம், நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு ஞாபகம் இருக்கும்.

இந்த இடத்தில் இன்னொரு சின்ன நாடும் வருகிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் கு. கல்யாணசுந்தரம் என்ற வேதியியல் ஆய்வாளர், ஓய்வு நேரத்தில் 'மயிலை' என்ற எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' என்ற பெயரில் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் ஏற்றும் வேலையையும் தொடங்கினார். யாரும் சம்பளம் வாங்காமல் உலகத்தின் மூலைமுடுக்கில் இருந்தெல்லாம் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று சங்கப் பாடலைப் போனில் தேடி எடுக்கிறதென்றால், அதன் அடியில் பெரும்பாலும் அந்தக் கைகள் இருக்கும்.

1997 மே மாதம் 'தமிழ்நெட் 97' என்ற பெயரில், இணையத்தில் தமிழ் பற்றிய சர்வதேச மாநாட்டை சிங்கப்பூர் கூட்டியது. ஆளுக்கொரு சைஸ் வைத்திருந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். அடுத்த மாநாடு 1999 பிப்ரவரியில் சென்னையில். தமிழ்நாடு அரசே முன்னின்று நடத்தியது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்யெழுத்துகள் வலது கைக்கு என்று பிரித்த 'தமிழ்99' விசைப்பலகை அதில்தான் தரமாக ஏற்கப்பட்டது. இன்றைய போன்களின் கீபோர்டு அமைப்புக்குள் போனால் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது.

சென்னை மாநாடு முடிந்து மூன்று மாதம்தான். 1999 மே மாதம் கோவிந்தசாமி காலமானார். வயது 53. அடுத்த வருடம் ஜூலையில் சிங்கப்பூரிலேயே கூடிய மாநாட்டில், 'உத்தமம்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. அதைக் கட்டியெழுப்பியவர்களில் சிங்கப்பூரின் அருண் மகிழ்நனும் ஒருவர். தமிழ் இணைய மாநாடுகள் அதன் பிறகு கோலாலம்பூர், கலிபோர்னியா, கொலோன், கோவை என்று ஊர் ஊராகப் போயின.

கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்டது ஒருங்குறியை. உலகத்தின் எல்லா எழுத்துகளுக்கும் ஆளுக்கு ஒரு நிரந்தர நம்பர். அதில் 'அ' 2949-வது. 'ழ' 2996-வது. அணைக்கட்டிலும் அதே நம்பர், அமெரிக்காவிலும் அதே நம்பர். தமிழுக்கு அதில் 1991-லேயே இடம் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் நடைமுறைக்கு வர ஒரு தலைமுறையே சண்டை போட வேண்டியிருந்தது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை முறைப்படி ஏற்றது 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில்.

டான் டின் வீ அதோடு நிற்கவில்லை. இணைய முகவரிகளில் 26 ஆங்கில எழுத்து, 10 எண், ஒரு சின்னக் கோடு, ஆக 37 குறிகளுக்கு மட்டும்தான் அனுமதி. ஆங்கிலம் தெரியாதவர் வீட்டுக்குள் வரலாம், ஆனால் கதவு எண்ணை மட்டும் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும் என்கிற மாதிரி. மற்ற மொழி எழுத்துகளை இடையிலேயே அந்த 37-க்குள் மாற்றிக்கொடுக்கும் முறையை அவருடைய குழு 1998-ல் செய்துகாட்டியது. சர்வதேச அமைப்புகள் பேசிப் பேசி அதை ஒரு வழிக்குக் கொண்டுவரப் பத்து வருடங்களுக்கு மேல் ஆனது. அதன் பிறகு ஓரிரு வருட இடைவெளியில் '.இலங்கை', '.சிங்கப்பூர்', '.இந்தியா' மூன்றும் தமிழில் வந்தன. மூன்றில் இரண்டு சின்ன நாடுகள் என்பதைக் கவனிக்கலாம். 2012-ல் 'இணையப் புகழ் மண்டபம்' அவரைச் சேர்த்துக்கொண்டது.

போனுக்குத் தமிழ் வந்த முதல் பாதையும் அந்தத் தீவின் வழியாகத்தான். 2005 பொங்கலன்று சிங்கப்பூரின் தமிழ் வானொலி ஒலி 96.8, முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' செயலியை வெளியிட்டது. பட்டன் போனில் தமிழ் எஸ்.எம்.எஸ்! ஸ்மார்ட்போன் என்ற சொல்லே பரவலாகப் புழங்காத காலம். அதே செல்லினம் பிறகு ஸ்மார்ட்போன்களுக்கும் வந்தது. 2013-ல் ஆப்பிள் தன் போன்களில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தபோது, அதற்குள்ளும் முத்து நெடுமாறனின் அஞ்சல் இருந்தது.

மேஜை போடுகிறவர்கள்

அதே 2005, நவம்பர். வட ஆப்பிரிக்காவில் உள்ள துனிசியாவின் தலைநகரம் துனிஸில் ஐ.நா.வின் தகவல் சமுதாய உச்சி மாநாடு நடந்தது. முதல் கட்டம் 2003-ல் ஜெனீவாவில். தகவல் தொழில்நுட்பம் உலகத்தில் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும், மொழி தெரியாதவர், ஏழை, ஊனமுற்றவர், கிராமத்துக்காரர் யாரும் வெளியே நிற்கக் கூடாது என்பதுதான் பேச்சு. இப்படி ஒரு மாநாடு வேண்டும் என்று 1998-லேயே சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் எழுந்து கேட்ட நாடு துனிசியா. தமிழ்நாட்டைவிட மக்கள்தொகையில் பல மடங்கு சின்னது.

கம்ப்யூட்டரைப் பெரிய நாடுகள் செய்தன. அதைச் சுற்றி எல்லோரும் உட்கார மேஜை வேண்டும் என்று கேட்டது பெரும்பாலும் சின்ன நாடுகள்தான். ஒதுக்கப்பட்டால் முதலில் காணாமல் போவது தாங்கள்தான் என்று அவற்றுக்குத் தெரியும். ஐ.நா.வில் சிறிய நாடுகளின் குழுமத்தை 1992-ல் தொடங்கியது சிங்கப்பூர். அந்த நாடுகளுக்கென்று செயற்கை நுண்ணறிவு பற்றிய கையேடு ஒன்றை 2024-ல் ருவாண்டாவுடன் சேர்ந்து வெளியிட்டதும் அதுதான்.

மேஜை போட்டவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. துனிஸில் மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே அந்த நாட்டு மக்களுக்குப் பல இணையத்தளங்கள் முடக்கப்பட்டிருந்தன. விருந்தாளிகளுக்குத் திறந்த இணையம், வீட்டுக்காரர்களுக்கு மூடிய இணையம். சிங்கப்பூரும் இணையத்தில் யார் என்ன சொல்லலாம் என்பதில் கறாரான நாடுதான். அதற்கென்று 2019-ல் தனிச் சட்டமே போட்டது. எழுத்துக்கு இடம் கொடுப்பது வேறு, எழுதுகிறவருக்கு இடம் கொடுப்பது வேறு.

ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்குப் போனால் இன்னொரு தமிழைக் கேட்கலாம். கட்டடம் கட்டவும் கப்பல் பழுதுபார்க்கவும் வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள், விடுமுறை நாளில் தேக்கா பக்கம் கூடுகிறார்கள். நடைபாதை ஓரம், புல்தரை, எங்கே பார்த்தாலும் போனைக் கையில் பிடித்து ஊரோடு பேச்சு. 2020-ல் தொழிலாளர் விடுதிகளுக்குள் கொரோனா புகுந்து, மாதக்கணக்கில் அவர்கள் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தபோது, என்ன நடக்கிறது, எப்போது வெளியே விடுவார்கள் என்ற தகவல் தமிழிலும் பெங்காலியிலும் அவர்கள் போனுக்குப் போக வேண்டியிருந்தது. தகவல் சமுதாயம் என்ற பெரிய வார்த்தைக்கு அந்த நாள்களில் அர்த்தம் ரொம்பச் சின்னது: காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது?

இந்தக் கதையில் உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. இணையத்துக்குத் தமிழைக் கொண்டுபோன தீவில், வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் குறைந்துவருகிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 சதவீதம்தான். பத்து வருடங்களுக்கு முன்னால் 3 சதவீதத்துக்குச் சற்று மேலே இருந்தது. பள்ளியில் தமிழ் உண்டு, 'தமிழ் முரசு' நாளிதழ் 1930-களில் இருந்து வருகிறது, தேசிய நூலகம் 2015-ல் ஐம்பது வருட சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்னூலாக்கி வைத்திருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் மட்டும் ஆங்கிலம். கோவிந்தசாமி பயந்தது கம்ப்யூட்டருக்குள் நடக்கவில்லை, வீட்டுக்குள் நடக்கிறது.

இருந்தாலும் அந்த நாற்காலி இன்னும் வேலை செய்கிறது. தென்கிழக்கு ஆசிய மொழிகளுக்காக சிங்கப்பூர் 'சீ லயன்' என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியை 2023 முதல் உருவாக்கிவருகிறது. தாய், வியட்நாம், இந்தோனேசியம், பர்மியம் என்று போகிற அந்தப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்தால் தமிழுக்கு அங்கே என்ன வேலை என்று தோன்றும். ஒரு சின்ன நாட்டின் சட்டத்தில் தமிழ் ஆட்சி மொழி. அவ்வளவுதான் காரணம். இந்த மாதிரிகள் எழுத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கும். ஆங்கிலத்துக்குப் பழகிய கத்தியால் நறுக்கினால், அதே விஷயம் தமிழில் அதிகத் துண்டுகளாகிறது. துண்டுக்குத்தான் காசு, நேரம் எல்லாம். 128 கட்டத்துக்குள் இடம் தேடிய பழைய பிரச்னை, வேறு உடுப்பில் மறுபடியும் வந்து நிற்கிறது.

மலை மேலே ஒரு மைக்

அணைக்கட்டில் இப்போது நன்றாக இருட்டிவிட்டிருக்கும். கடைசிக் கம்பெனி பஸ்ஸும் போய்விட்டது.

போனில் தமிழ் இருக்கிறது. ஆனால் அந்தப் போனுக்கு வருகிற முக்கியமான விஷயமெல்லாம் தமிழில் வருகிறதா? சம்பளம் ஏறியதும் வங்கியில் இருந்து வரும் மெசேஜ் ஆங்கிலத்தில். ஓ.டி.பி. ஆங்கிலத்தில். பி.எஃப். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தமிழில் தெரிந்துகொள்ள, வைப்பு நிதி நிறுவனம் ஒரு எஸ்.எம்.எஸ். வசதியை அறிவித்திருந்தது. நல்ல ஏற்பாடு. தமிழில் பதில் வேண்டும் என்றால் 'டி.ஏ.எம்.' என்று கடைசியில் சேர்க்க வேண்டும். ஆங்கில எழுத்தில்! பல வருடம் அப்பர் தைத்துச் சேர்த்த பணம் எவ்வளவு என்று கேட்க, வீட்டில் இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளையோ நண்பர்களுக்குத் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறது. 'அம்மா சாப்டியா' என்பதைக்கூட. கேட்டால், அதுதான் ஈஸி என்கிறது.

ஊரை விட்டு மலைப்பக்கம் திரும்பினால் கணக்கே வேறு. அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று மலை மேலேயே ஊராட்சிகள் உண்டு. பழங்குடி மக்களின் ஊர்கள். முத்துக்குமரன் மலைப் பக்கத்தில் இருந்து பீஞ்சமந்தைக்குத் தார்ச்சாலை வந்தே இன்னும் அதிக காலம் ஆகவில்லை. 2023 மே மாதம் அல்லேரி மலையின் குக்கிராமம் ஒன்றில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் இறந்துபோனது. சாலை இல்லாத மலைப்பாதையில் உடலைத் தாயே கையில் ஏந்தி நடந்தார். அந்தப் படத்தைத் தமிழ்நாடு முழுக்கப் போன்களில் பார்த்தார்கள். மலையில் இருந்து செய்தி கீழே வந்துவிட்டது. மலைக்கு மேலே போக வேண்டிய ஆம்புலன்ஸுக்குத்தான் வழி இல்லை.

மலைச்சாலையில் ஏற ஏற போனில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். எந்த வளைவில், எந்தப் பாறை மேல் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பது அங்கிருப்பவர்களுக்கு அத்துப்படி. எழுதப் படிக்காதவர்களுக்கு ஒருங்குறியும் தமிழ்99-ம் ஒன்றுதான், இரண்டும் வேண்டாம். அவர்கள் கண்டுபிடித்துக்கொண்டது அந்தச் சின்ன மைக் படத்தை. அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், பக்கத்து மலைக்குக் கூப்பிடுகிற குரலில் சத்தமாகப் பேசுவார்கள். சாமை அறுப்பு எப்போது, அடுத்த வாரம் கீழே வருகிறாயா, ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சொன்னார். விரலை எடுத்ததும் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பிக்கும்.

சிக்னல் கிடைத்தால் அது கீழே போகும். கீழே அணைக்கட்டில், காலையில் கம்பெனிக்குப் போக வேண்டுமே என்று சீக்கிரம் படுத்துவிட்ட மகளின் போன் ஒருமுறை ஒளிர்ந்து அணையும். அவர் எழுந்ததும் கேட்டுவிட்டுப் பதில் அனுப்புவார். எழுத்தில் அனுப்பினால் அம்மாவுக்குப் படிக்க ஆள் தேட வேண்டும். அதனால் அவரும் மைக்கைத்தான் அழுத்துவார். பஸ்ஸின் ஹாரன் சத்தமும் அதோடு சேர்ந்து மலைக்குப் போகும்.